டிசம்பர் வந்தால் சமாதானம் எங்கே போகிறது?

கேள்வி (டிசம்பர் 1)

நவம்பர் முடியும்போதே வயிற்றைப் பிசைய ஆரம்பித்துவிடுகிறது. வீட்டைச் சுத்தம் செய்யவேண்டும், துணி எடுக்கவேண்டும், யார் யாருக்கு என்ன பரிசு என்று யோசிக்கவேண்டும். பாடகர் குழு பயிற்சி, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் நாடகம், அலுவலகத்தில் ஆண்டு இறுதி வேலை எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். ஆலயத்தில் "சமாதானப்பிரபு" என்று வாசிக்கும்போது அழுகை வருகிறது, பக்தியினால் அல்ல. எல்லாருக்கும் சமாதானம் கொண்டுவந்தவர் பிறந்த நாளில் எனக்கு மட்டும் அது ஏன் கிடைப்பதில்லை? இது விசுவாசக் குறைவா? அதிகாலை எழுந்து ஜெபித்தால் சரியாகும் என்கிறார்கள். அதையும் செய்துபார்த்தேன். தூக்கம் போனதுதான் மிச்சம்.

பதில் (டிசம்பர் 1, இரவு)

விசுவாசக் குறைவு இல்லை. தூக்கக் குறைவு.

விளையாட்டாகச் சொல்லவில்லை. 1 இராஜாக்கள் 19 ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினியை இறங்கச் செய்த தீர்க்கதரிசி எலியா, அடுத்த அதிகாரத்திலேயே சூரைச்செடியின்கீழ் படுத்துக்கொண்டு "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்கிறார். தேவதூதன் வந்து அவருக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. விசுவாசத்தை விட்டுவிட்டாயே என்று கேட்கவுமில்லை. தட்டி எழுப்பி, சாப்பிடு என்றான். சாப்பிட்டார், குடித்தார், மறுபடியும் படுத்துக்கொண்டார். இரண்டாம் தரமும் அதே கதை: "எழுந்திருந்து போஜனம்பண்ணு, நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்." கர்த்தர் பேசிய அந்த அமர்ந்த மெல்லிய சத்தம் கேட்டது இதற்கெல்லாம் வெகுநாள் கழித்து.

ஆகவே அந்த அதிகாலை ஜெபத்தை இந்த மாதம் தள்ளிவைத்துவிட்டுத் தூங்குங்கள். மீதியை நாளை எழுதுகிறேன், எனக்கும் தூக்கம் வருகிறது.

டிசம்பர் 2

பிலிப்பியர் 4:6 ஐ மட்டும் ஒட்டிவிட்டு, "கவலைப்படுவது பாவம், சிஸ்டர்" என்று எழுதிப் போன பிரதருக்கு: அதே அதிகாரத்தை 2 ஆம் வசனத்திலிருந்து வாசியுங்கள்.

டிசம்பர் 2, இரவு

சரி, கொஞ்சம் விரிவாக. "நீங்கள் ஒன்றுக்குங் கவலைப்படாமல்" என்ற வசனம் எல்லாருக்கும் மனப்பாடம். காலண்டரில் அச்சடிப்போம், வாழ்த்து அட்டையில் போடுவோம். அதற்குச் சற்று மேலே எயோதியாள், சிந்திகேயாள் என்று இரண்டு பெண்கள் வருகிறார்கள். ஒரே சிந்தையாயிருக்கும்படி இரண்டு பேருக்கும் தனித்தனியாகப் புத்திசொல்கிறார் பவுல். சபைக்கு வந்த கடிதத்தை எல்லார் முன்னாலும் சத்தமாக வாசிப்பார்கள். அந்த இருவரும் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். என்ன சண்டை என்று பவுல் சொல்லவில்லை. சுவிசேஷ வேலையில் தன்னோடு பாடுபட்டவர்கள் என்று மட்டும் சொல்கிறார். அதாவது சும்மா இருந்தவர்கள் சண்டை போடவில்லை, உழைத்தவர்கள் போட்டார்கள். பாடகர் குழுவில் இருப்பவர்களுக்கு இது புரியும்.

"எல்லாப் புத்திக்கும் மேலான தேவசமாதானம்" வருவது இந்தச் சண்டைக்குப் பக்கத்தில்தான். எழுதியவரோ காவலில் இருக்கிறார், முதல் அதிகாரத்திலேயே "என் கட்டுகள்" என்று சொல்லிவிட்டார். அமைதியான ஓர் அறையில், எல்லா வேலையும் முடித்துவிட்டு உட்கார்ந்து எழுதிய வசனம் இல்லை அது. கவலைப்படுகிற ஒருவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காகவும் எழுதவில்லை. கவலையை எங்கே கொண்டுபோய் இறக்குவது என்று வழி சொல்கிறார், அவ்வளவுதான்.

டிசம்பர் 4

எனக்கு உண்மையில் எரிச்சல் தருவது வேறு. சமாதானத்தையும் நாம் ஒரு வேலையாக்கிவிட்டோம். பட்டியலில் பரிசு, துணி, சுத்தம், சமையல் என்று எழுதி, கடைசியில் "மன அமைதி" என்றும் எழுதிக்கொள்கிறோம். டிசம்பர் 24 இரவுக்குள் மற்றதையெல்லாம் முடித்துவிட்டு, அப்புறம் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் உட்கார்ந்து சமாதானத்தையும் முடித்துவிட வேண்டும். அது வராவிட்டால் அதற்கும் ஒரு குற்ற உணர்ச்சி. இப்படி ஒரு கூடுதல் சுமையை நம் தலையில் ஏற்றியது யார் என்று தெரியவில்லை. லூக்கா ஏற்றவில்லை.

லூக்கா 2 இல் யார் ஓய்வாக இருக்கிறார்கள்? அகுஸ்துராயன் குடிமதிப்புக் கட்டளை போட்டு ஊரையே அலையவிட்டிருக்கிறான். நிறைமாதக் கர்ப்பிணி பிரயாணத்தில் இருக்கிறாள். சத்திரத்தில் இடமில்லை. மேய்ப்பர்கள் இராத்திரி வேலையில் இருக்கிறார்கள், அதுவும் திறந்த வெளியில். "பூமியிலே சமாதானமும்" என்ற பாட்டு அந்த இராத்திரி வேலைக்காரர்களுக்குத்தான் கேட்டது. கேட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தார்கள், திரும்பிப் போனார்கள். எங்கே திரும்பிப் போனார்கள்? மந்தைக்குத்தானே. மறுநாளும் அதே ஆடு, அதே குளிர்.

டிசம்பர் 5

சத்திரக்காரன் கதவைச் சாத்தியதைப் பற்றி ஒரு தம்பி உருக்கமாக எழுதியிருக்கிறார். லூக்காவில் சத்திரக்காரன் என்று ஒரு ஆளே இல்லை, தம்பி. சத்திரத்தில் இடமில்லை என்று ஒரு வரி, அத்துடன் சரி. அந்த மனிதனை நாடகத்துக்காக நாம்தான் உண்டாக்கினோம். பாவம், இத்தனை வருஷமாக எல்லா ஆலயத்திலும் திட்டு வாங்குகிறான்.

(எங்கள் ஞாயிறு பள்ளி நாடகத்திலும் அவன் இருக்கிறான். எடுத்தால் அந்தப் பையன் அழுவான்.)

டிசம்பர் 8

மார்த்தாளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எதிர்பார்த்தேன். டிசம்பரில் எந்தப் பெண் சோர்ந்துபோய் உட்கார்ந்தாலும் யாராவது ஒருவர் "மார்த்தாளே, மார்த்தாளே" என்று ஆரம்பித்துவிடுவார். பெரும்பாலும் சாப்பிட்டு முடித்தவர்.

லூக்கா 10 இல் கர்த்தர் வீட்டுக்கு வந்திருக்கிறார், மார்த்தாள் வேலையில் மூழ்கியிருக்கிறாள், அவள் சகோதரி மரியாள் அவர் பாதத்தருகே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். கர்த்தர் மார்த்தாளிடம் சொன்னது "நீ அநேக காரியங்களைக்குறித்துக் கவலைப்பட்டுக் கலங்குகிறாய்" என்பது. வேலை செய்யாதே என்று அவர் சொல்லவில்லை. அவள் அதற்குமுன் என்ன கேட்டாள் என்று பாருங்கள்: என் சகோதரி என்னைத் தனியே விட்டுவிட்டாள், உமக்குக் கவலையில்லையா, அவளுக்குச் சொல்லும். வேலையைவிட இந்தக் கணக்குத்தான் அவளை வாட்டுகிறது. யார் எவ்வளவு செய்தார்கள், யார் செய்யவில்லை, அதை யார் கவனிக்கவில்லை என்ற கணக்கு. இது எனக்கு நன்றாகவே தெரியும். நான் பாத்திரம் கழுவும்போது மனசுக்குள் ஒரு நீதிமன்றம் நடக்கும். நானே வாதி, நானே வக்கீல், நானே நீதிபதி. தீர்ப்பு எப்போதும் எனக்குச் சாதகமாகத்தான் வரும், ஆனாலும் அன்றைக்குத் தூக்கம் வராது.

மார்த்தாளின் கதை அங்கே முடியவில்லை என்பதையும் யாராவது சொல்லவேண்டும். யோவான் 11 இல் சகோதரன் லாசரு செத்துக் கிடக்கும்போது கர்த்தருக்கு எதிர்கொண்டு போகிறவள் அவள்தான், மரியாள் வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். "நீர் உலகத்தில் வருகிறவரான தேவகுமாரனாகிய கிறிஸ்து என்று நான் விசுவாசிக்கிறேன்" என்று அறிக்கை செய்கிறவளும் அவளே. அடுத்த அதிகாரத்தில் மறுபடியும் ஒரு விருந்து. "மார்த்தாள் பணிவிடை செய்தாள்." அதே வேலை. இந்த முறை கண்டிப்பு இல்லை, அவள் யாரைப்பற்றியும் புகார் சொன்னதாகவும் இல்லை. வேலை மாறவில்லை, உள்ளே ஏதோ மாறியிருக்கிறது. என்ன மாறியது என்று யோவான் விளக்கவில்லை. நடுவில் ஒரு கல்லறை இருக்கிறது, அவ்வளவுதான் தெரிகிறது.

டிசம்பர் 9

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு என் கணவர், "அப்படியானால் வேலையை நீயே செய், கணக்கு மட்டும் வைக்காதே என்கிறாயா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. இல்லை. கணக்கை மனசுக்குள் வைக்காமல் வாயால் சொல்லவேண்டும் என்று சேர்த்துக்கொள்கிறேன். மார்த்தாள் மரியாளிடம் நேரடியாகக் கேட்டிருந்தால் ஒருவேளை அவள் எழுந்து வந்திருப்பாள். இப்போது எங்கள் வீட்டில் பாத்திரம் அவர் பொறுப்பு. கேள்வி கேட்டால் இப்படித்தான்.

டிசம்பர் 11

"இவ்வளவு தொல்லையென்றால் கிறிஸ்துமஸே வேண்டாம், வேதத்தில் தேதி இல்லை" என்று எழுதிய ஐயாவுக்கு. தேதி இல்லை என்பது சரி. ரோமில் டிசம்பர் 25 ஐக் கொண்டாடியதற்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்று 336 ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஆர்மீனியத் திருச்சபை இன்றும் ஜனவரி 6 இல்தான் கொண்டாடுகிறது. ஆனால் ஒழித்துவிட்டால் நிம்மதி வரும் என்பதைச் சிலர் முயன்று பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் இருந்த பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான புரொட்டஸ்டண்டுகள் 1659 இல் சட்டமே போட்டார்கள்: கிறிஸ்துமஸ் கொண்டாடினால் 5 ஷில்லிங் அபராதம். 1681 இல் அந்தச் சட்டம் போய்விட்டது. அந்த நாட்களில் அவர்கள் மற்றவர்களைவிட அமைதியாக இருந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

டிசம்பர் 12

ஒழிக்கவேண்டாம், பரப்பி வைக்கலாம். இதைத்தான் திருச்சபைக் காலண்டர் பல நூற்றாண்டுகளாகச் செய்கிறது. நாம் அதைக் கவனிப்பதில்லை.

மேற்கத்திய சபைகளின் வழக்கப்படி திருவருகைக்காலம், அதாவது அட்வெந்து, நவம்பர் 27 க்கும் டிசம்பர் 3 க்கும் இடையே வரும் ஞாயிறில் தொடங்குகிறது. நான்கு ஞாயிறுகள். அது கொண்டாட்டக் காலமே அல்ல, காத்திருக்கும் காலம். பழைய நாட்களில் உபவாச காலமாகவும் இருந்தது. கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகளில் கிறிஸ்துமஸுக்கு முன் 40 நாள் உபவாசம் இன்றும் உண்டு. கத்தோலிக்கத் திருப்பலியில் அட்வெந்து ஞாயிறுகளில் வானவர் கீதத்தைப் பாடமாட்டார்கள். "பூமியிலே சமாதானம்" என்று தேவதூதர் பாடிய அதே கீதம்தான். கிறிஸ்துமஸ் இராத்திரிவரை அதை நிறுத்தி வைப்பார்கள். இதை முதலில் கேள்விப்பட்டபோது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. சமாதானத்தைப் பாட டிசம்பர் 12 இல் வாய் வரவில்லையா? சரி, சபையே இன்னும் பாட ஆரம்பிக்கவில்லை.

அப்புறம் மறுபக்கம். கிறிஸ்துமஸ் 25 உடன் முடிவதில்லை, அன்றுதான் தொடங்குகிறது. 567 இல் பிரான்சின் டூர் நகரத்தில் கூடிய ஆயர்களின் ஆலோசனைச் சங்கமே கிறிஸ்துமஸ் முதல் ஜனவரி 6 இல் வரும் எபிபானி பண்டிகைவரையுள்ள நாட்களைப் பண்டிகை நாட்களாகக் குறிப்பிடுகிறது. பன்னிரண்டு நாள். நாம் என்ன செய்கிறோம்? காத்திருக்கவேண்டிய நான்கு வாரத்தில் எல்லாக் கொண்டாட்டத்தையும் திணிக்கிறோம், கொண்டாடவேண்டிய பன்னிரண்டு நாளில் களைத்துப்போய்ப் படுத்திருக்கிறோம்.

டிசம்பர் 12, சற்றுப் பிறகு

அட்வெந்து வளையம் ரோமன் கத்தோலிக்கப் பழக்கம் என்று ஒருவர் முறைத்திருக்கிறார். இல்லை. 1839 இல் ஹாம்பர்க்கில் ஏழைப் பிள்ளைகளுக்கான இல்லம் நடத்திய யோஹான் ஹின்ரிக் விகெர்ன் என்ற லூத்தரன் போதகர் செய்தது. பழைய வண்டிச் சக்கரம் ஒன்றில் வாரநாட்களுக்குச் சின்ன மெழுகுவர்த்தி, ஞாயிறுகளுக்குப் பெரியது. பிள்ளைகள் நாளெண்ணுவதற்காக. கத்தோலிக்கர்கள் பிற்பாடுதான் எடுத்துக்கொண்டார்கள்.

டிசம்பர் 16

குடும்பச் சண்டை பற்றி எழுதுங்கள் என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். நான் தவிர்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கும் என் அண்ணனுக்கும் பேச்சு இல்லை. அப்பாவின் கடைசிக் காலத்தில் யார் பார்த்துக்கொண்டது, யார் பணம் மட்டும் அனுப்பியது என்பதில் ஆரம்பித்தது. இரண்டு பேரும் ஆலயத்துக்குப் போகிறவர்கள், இரண்டு பேர் வீட்டிலும் "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" சுவரில் தொங்குகிறது. மற்ற மாதங்களில் இது என்னை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. டிசம்பரில் செய்யும். ஏனென்றால் எல்லாரும் கேட்பார்கள்: "அண்ணன் வருகிறாரா?"

எனக்கு உதவியது ரோமர் 12:18. "கூடுமானால் உங்களாலானமட்டும் எல்லா மனுஷரோடும் சமாதானமாயிருங்கள்." பவுல் ஒரே வசனத்தில் இரண்டு இடத்தில் வாசலைத் திறந்து வைத்திருக்கிறார். கூடுமானால். உங்களாலானமட்டும். அதாவது கூடாமலும் போகலாம், என் பங்கு முடிந்த பிறகு அவர் பங்கு மீதியிருக்கலாம். இது எனக்கு விடுதலையாக இருந்தது. அதே சமயம் "உங்களாலானமட்டும்" என்பது எவ்வளவு தூரம் என்று கேட்டுக்கொண்டால் கொஞ்சம் சங்கடம். என்னால் ஆனமட்டும் நான் செய்துவிட்டேனா என்றால், போன் செய்யவில்லையே.

ஒன்று சேர்த்துச் சொல்லவேண்டும். அடிக்கிற, மிரட்டுகிற, பிள்ளைகளுக்கு ஆபத்தான உறவினரைப் பண்டிகைக்காக வீட்டுக்குள் விடவேண்டும் என்று இந்த வசனம் சொல்லவில்லை. குழந்தை இயேசுவைக் கொல்ல ஏரோது ராஜா தேடியபோது யோசேப்பு சமாதானம் பேசப் போகவில்லை. இராத்திரியிலே பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் போய்விட்டார். மத்தேயுவின் கிறிஸ்துமஸ் கதையில் இதுவும் கீழ்ப்படிதல்தான்.

டிசம்பர் 19

போன் செய்தேன். அண்ணி எடுத்தார். அண்ணன் குளித்துக்கொண்டிருக்கிறார் என்றார். சொல்கிறேன் என்றார். பிள்ளைகளைப் பற்றிக் கொஞ்சம் பேசினோம். அவ்வளவுதான்.

டிசம்பர் 21

இன்று பல சபைகளில் "நீண்ட இரவு ஆராதனை" நடக்கும். வட பாதி உலகத்தில் ஆண்டின் மிக நீண்ட இரவை ஒட்டி, அந்த வருஷத்தில் யாரையாவது இழந்தவர்களுக்காக நடத்தும் ஆராதனை. சத்தமான பாட்டு இருக்காது, "சந்தோஷமாயிருங்கள்" என்று யாரும் கட்டாயப்படுத்தமாட்டார்கள். உங்கள் சபையில் இல்லையென்றால் உங்கள் போதகரிடம் கேட்டுப் பாருங்கள். பெரிய ஏற்பாடு ஒன்றும் தேவையில்லை.

துக்க வீட்டாருக்குக் கிறிஸ்துமஸ் பொருந்தாது என்று ஒரு சகோதரி எழுதியிருக்கிறார், கணவர் போய் இது முதல் டிசம்பர். அக்கா, காலண்டரைப் பாருங்கள். டிசம்பர் 26 ஸ்தேவானின் நாள், கல்லெறிந்து கொல்லப்பட்டவர். 28 பெத்லகேமில் ஏரோது கொன்ற குழந்தைகளின் நாள். ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுது ஆறுதலடையாதிருக்கிறாள் என்று மத்தேயு எழுதியிருப்பது கிறிஸ்துமஸ் கதைக்குள்ளேதான், வெளியே அல்ல. நீங்கள் வெள்ளைச் சேலையோடு கடைசி வரிசையில் உட்கார்ந்து அழுதுவிட்டு, பாட்டு முடியுமுன் எழுந்து போனாலும் யாரும் ஒன்றும் சொல்லக்கூடாது. சொன்னால் எனக்கு எழுதுங்கள்.

டிசம்பர் 23

மார்பு படபடப்பாக இருக்கிறது, பண்டிகை முடிந்து டாக்டரைப் பார்க்கிறேன் என்று எழுதியவருக்கு: முடிந்து அல்ல, இன்று. ஸ்வீடனில் 1998 முதல் 2013 வரை பதிவான மாரடைப்புகளை ஆராய்ந்து 2018 இல் ஓர் ஆய்வு வெளியானது. முன்பின் வாரங்களோடு ஒப்பிட்டபோது கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மாரடைப்பு 37 சதவீதம் அதிகம், அதுவும் இரவு 10 மணி வாக்கில் உச்சம். 75 வயதுக்கு மேற்பட்டவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள், ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து கூடுதல். "ஜெபித்துக்கொள்கிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்தும் ஜெபிக்கலாம்.

டிசம்பர் 24

நேற்றையவர் போய்விட்டு வந்தாராம். அமில எரிச்சல்தான் என்றார்களாம். ஸ்தோத்திரம்.

முதலில் கேள்வி கேட்ட சகோதரியும் எழுதியிருந்தார். பரிசுப் பட்டியலைப் பாதியாக்கிவிட்டாராம், பெரியவர்களுக்குப் பரிசு கிடையாது என்று வீட்டில் அறிவித்துவிட்டாராம். யாரும் கோபிக்கவில்லை, எல்லாரும் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்களாம். யாருக்கும் வேண்டாத ஒன்றை எல்லாரும் எல்லாருக்காகவும் செய்துகொண்டிருந்திருக்கிறார்கள். சமாதானம் வந்ததா என்று கேட்டேன். "இன்னும் இல்லை, ஆனால் இரண்டு நாளாகத் தூங்குகிறேன்" என்கிறார்.

டிசம்பர் 27

இராத்திரி ஆராதனையில் யோவான் 14:27 ஐப் போதகர் சேர்த்து வாசித்தார். "சமாதானத்தை உங்களுக்கு வைத்துப்போகிறேன், என்னுடைய சமாதானத்தையே உங்களுக்குக் கொடுக்கிறேன்." கிறிஸ்துமஸுக்கு இதை வாசித்து நான் கேட்டதில்லை. இயேசு தாம் காட்டிக்கொடுக்கப்பட்ட இராத்திரியில் சொன்னது. யூதாஸ் ஏற்கெனவே வெளியே போய்விட்டான். அந்த நேரத்தில் இருந்த சமாதானத்தைத்தான் "என்னுடையது" என்று தருகிறார். அப்படியானால் அது வேலை முடிந்தபின் வருகிற ஓய்வு அல்ல, சண்டை தீர்ந்தபின் வருகிற நிம்மதியும் அல்ல. 4 ஆம் தேதி எரிச்சலோடு எழுதியதை இப்போது இன்னும் தைரியமாகச் சொல்வேன்: அதை நாம் தயாரிக்கவேண்டியதில்லை.

சொல்லிவிட்டேன். ஆனால் அந்த ஆராதனையில் பாதி நேரம் அடுப்பை அணைத்தேனா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். அணைத்திருந்தேன்.

அண்ணனிடமிருந்து ஒரு வாழ்த்துப் படம் வந்தது. எல்லாருக்கும் அனுப்பும் அதே படம். போன வருஷம் அதுவும் வரவில்லை. இதற்கு அதிக அர்த்தம் கற்பிக்கவேண்டாம் என்று கணவர் சொல்கிறார்.

ஜனவரி 2

"இன்னும் நான்கு வீட்டுக்குப் போகவில்லை, பாதிப் பேருக்கு வாழ்த்தே சொல்லவில்லை, இனி எப்படிப் போவது" என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போங்கள், இன்று பண்டிகையின் ஒன்பதாம் நாள். எபிபானி 6 ஆம் தேதிதான். அதற்கும் பிந்தினால் கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகளைக் காட்டுங்கள். மத்தேயு 2:11 இல் அவர்கள் முன்னணைக்கு வரவில்லை, வீட்டுக்குள் வந்தார்கள். ஏரோது இரண்டு வயதுவரையுள்ள பிள்ளைகளைத் தேடியதைப் பார்த்தால், நன்றாகவே தாமதம். யாரும் அவர்களை ஏன் பிந்தினீர்கள் என்று கேட்டதாக எழுதவில்லை.

பரிசில்லாமல் போகலாமா என்று கேட்டால், அவர்களை உதாரணம் காட்டமுடியாது. போவதற்குமுன் ஒரு போன் மட்டும் செய்துவிடுங்கள், அந்த வீட்டுக்காரரும் இப்போதுதான் உட்கார்ந்திருப்பார்.